வானிலை வாசிக்கும் பிள்ளைகள்: வாசகர் கேள்வி, எங்கள் பதில்

தொடக்கப்பள்ளிப் பிள்ளைகள் வானிலை அறிக்கை வாசிப்பதை வீடியோ எடுப்பது பற்றி வந்த கடிதங்களுக்கு இந்த இதழில் பதில் சொல்கிறோம். ஒரே மாதிரி இருந்த கேள்விகளைச் சேர்த்துவிட்டோம்.

காங்கேயம் பக்கத்திலிருந்து ஒரு தலைமையாசிரியை: நாலாவது, அஞ்சாவது படிக்கும் பிள்ளைகளை வாரம் ரெண்டு நாள் வானிலை வாசிக்க வைத்து, ஸ்மார்ட் போர்டில் எல்லா வகுப்புக்கும் காட்டலாம்னு ஆசைங்க. கையில் ஒரு போன் இருக்குது. இன்னும் என்னென்ன வாங்கணும், எதிலிருந்து தொடங்கறது?

வாங்க வேண்டியது ஒரு போன் ஸ்டாண்டும் சட்டையில் குத்தும் ஒரு காலர் மைக்கும்தான். ஆனால் கேமராவிலிருந்து தொடங்காதீர்கள். முதல் இரண்டு வாரம் போனைத் தொடாமல் பிள்ளைகள் அளந்து எழுதட்டும். ஒரு மழைமானி, ஒரு காற்றுத்திசை காட்டி, ஒரு டிஜிட்டல் வெப்பமானி போதும். பாதரசம் உள்ள கண்ணாடி வெப்பமானி பிள்ளைகள் கையில் வேண்டாம். தானே அளந்து பார்க்காத பிள்ளைக்கு 3 மில்லிமீட்டர் என்றால் தூறலா, தெருவில் தண்ணீர் ஓடும் மழையா என்பது தெரியாது. அந்தத் தெரியாமை வாசிக்கும்போது குரலிலேயே வந்துவிடும்.

வெப்பமானியை வெயில் படாத, காற்றோட்டமான வராந்தாவில், தரையிலிருந்து ஒன்றேகால் முதல் ஒன்றரை மீட்டர் உயரத்தில் மாட்டுங்கள். ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்கு அடியிலோ வெயில் ஏறும் மேற்குச் சுவரிலோ மாட்டினால் ஊர் வெப்பத்தை விட்டுவிட்டுக் கூரையின் சூட்டைத்தான் அளப்பீர்கள். போன் திரையில் தெரியும் டிகிரி இணையத்திலிருந்து வருவது, அந்தப் போன் அளந்தது அல்ல. இதைப் பிள்ளைகளுக்கு முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

ஐந்து பேர் ஒரு குழு: அளப்பவர், அதிகாரப்பூர்வ அறிக்கையைப் பார்த்து எழுதுபவர், வாசகம் தயாரிப்பவர், வாசிப்பவர், படம் பிடிப்பவர். வாராவாரம் வேலையை மாற்றுங்கள். இல்லாவிட்டால் நன்றாகப் பேசும் இரண்டு பிள்ளைகளே ஆண்டு முழுக்கத் திரையில் நிற்பார்கள். காலை 9.15க்கு அளவு, முதல் இடைவேளைக்குள் வாசகம், அடுத்த அரை மணியில் படப்பிடிப்பு, மதியச் சாப்பாட்டுக்கு முன் திரையிடல். எடுத்ததை மறுநாள் காட்டினால் அறிக்கை பழசாகிவிடும். "நாளை மழை" என்று செவ்வாயன்று சொன்னதைப் புதனன்று பார்ப்பவர் வியாழனுக்குக் குடை எடுப்பார். அதனால் "நாளை" என்பதோடு கிழமையையும் சேர்த்துச் சொல்லப் பழக்குங்கள்.

அதிகாரப்பூர்வ அறிக்கைக்குச் சென்னை மண்டல வானிலை ஆய்வு மையம் தமிழிலேயே தினமும் வெளியிடுவதைப் பாருங்கள். கோவையிலுள்ள தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் வானிலைத் துறையோடு சேர்ந்து செவ்வாய், வெள்ளிகளில் உழவர்களுக்கான அறிக்கை தருகிறது. அடுத்த ஐந்து நாள் மழை, வெப்பம், காற்று மாவட்டவாரியாக அதில் இருக்கும். வாரம் இரண்டு நாள் என்றால் அந்த இரண்டு நாளையே உங்கள் நாளாக வைத்துக்கொள்ளலாம்.

முழு வாசிப்பு 45 நொடியைத் தாண்ட வேண்டாம். நாங்கள் பரிந்துரைக்கும் வரிசை இது: அளந்தது முதலில், கணிப்பு அடுத்து, எச்சரிக்கை கடைசியில்.

"வணக்கம். இன்று செவ்வாய்க்கிழமை. நேற்றுக் காலை ஒன்பதே காலிலிருந்து இன்று காலை ஒன்பதே கால் வரை நம் பள்ளி மழைமானியில் 6 மில்லிமீட்டர் மழை. காற்று மேற்கிலிருந்து வீசுகிறது. வானத்தில் பாதிக்கு மேல் மேகம். நாளை, புதன்கிழமை, திருப்பூர் மாவட்டத்தில் ஓரிரு இடங்களில் இடியுடன் மழை பெய்யலாம் என்று வானிலை ஆய்வு மையம் கூறியுள்ளது. இடி இடிக்கும்போது மரத்தடியில் நிற்காதீர்கள்."

கணிப்பைச் சொன்னது யார் என்பதை விடவே கூடாது. பிள்ளை தானாகக் கணித்துச் சொல்வது போல் ஒலித்தால், அந்த வீடியோ ஊர் வாட்ஸ்அப்பில் போய்ச் சேரும் நாளில் வம்பு.

சூலூரிலிருந்து ஓர் ஆசிரியர்: ஜூன் மாதம் எங்கள் மாணவி "கோவை மாவட்டத்துக்கு ஆரஞ்சு எச்சரிக்கை, மிக கனமழை" என்று வாசித்தாள். அன்றைக்கு எங்கள் ஊரில் மேகம் ஓடியதோடு சரி, சொட்டு மழை இல்லை. பெற்றோர் கேலி பேசுகிறார்கள். அறிக்கை தப்பா, வாசித்தது தப்பா?

பெரும்பாலும் இரண்டும் இல்லை. மாவட்டத்தின் பெயரோடு நிறுத்திக்கொண்டதுதான் குறை. வால்பாறையும் கோவை மாவட்டம், சூலூரும் கோவை மாவட்டம். தென்மேற்குப் பருவக்காற்று ஆனைமலையில் மோதி மேலே ஏறும்போது குளிர்ந்து, ஈரத்தை அங்கேயே கொட்டிவிடுகிறது. வால்பாறையும் சின்னக்கல்லாறும் நனைவது அதனால்தான். மலையைத் தாண்டி இறங்கும் காற்று சூடேறி உலர்ந்துபோகும். பாலக்காட்டுக் கணவாய் வழியாக நேரே வருவதோ நமக்குக் குளிர்ந்த காற்றையும் கொஞ்சம் சாரலையும் தருவதோடு சரி. பல்லடம், உடுமலைப் பக்கம் காற்றாலைகள் நிற்பதும், அதே சமயம் அங்கே நிலம் காய்ந்து கிடப்பதும் ஒரே காரணத்தால்.

ஆகவே பிள்ளைகள் வாசிக்கும் வரைபடத்தை மாவட்ட எல்லையோடு விடாமல் மூன்று நிறமாகப் பிரியுங்கள்: மலை, மலையடிவாரம், சமவெளி. கோவையில் வால்பாறை மலை. பேரூர், மேட்டுப்பாளையம் அடிவாரம். சூலூர், அன்னூர் சமவெளி. ஈரோட்டுக்காரர்கள் தாளவாடியையும் பர்கூரையும் கொடுமுடியிலிருந்து பிரிக்கலாம். நாமக்கல்லுக்குக் கொல்லிமலை தனி. ஆய்வு மைய அறிக்கையிலேயே "மலைப் பகுதிகளில்" என்ற சொல் பல நாள் இருக்கும். நேரம் மிச்சம் பிடிக்க அதைத்தான் முதலில் வெட்டுகிறார்கள்!

"ஓரிரு இடங்களில்" என்பதையும் அப்படியே வாசிக்க வேண்டும். அது அலங்காரச் சொல் அல்ல, கணக்கு. அந்தப் பகுதியின் மழை அளவிடும் இடங்களில் கால் பங்குக்கு மேற்படாமல் மழை என்றால் ஓரிரு இடங்கள். பாதி வரை என்றால் ஒரு சில இடங்கள், முக்கால் வரை என்றால் பல இடங்கள், அதற்கும் மேலே பெரும்பாலான இடங்கள். ஓரிரு இடங்களில் மழை என்று சொன்ன நாளில் உங்கள் பள்ளியில் பெய்யாமல் போவதுதான் அதிகம் நடக்கும்.

அளவுச் சொற்களும் அப்படித்தான். ஒரு நாளில் 64.5 மில்லிமீட்டரிலிருந்து கனமழை, 115.6இலிருந்து மிக கனமழை, 204.4ஐத் தாண்டினால் அதி கனமழை. செய்திகளில் இது 7, 12, 21 சென்டிமீட்டர் என்று வரும். பிள்ளைகள் மில்லியையும் சென்டியையும் மாற்றி வாசித்தால் தூறல் வெள்ளமாகிவிடும். 2019 ஆகஸ்டில் நீலகிரியின் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. அளவுக்கு ஓர் உச்சம் காட்ட அந்த எண்ணைச் சுவரில் எழுதி வைக்கலாம்.

எந்த மாதம் எதை எதிர்பார்ப்பது என்பதும் வாசிப்பவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். மார்ச் முதல் மே வரை பகல் சூட்டில் எழும் இடிமழை. பிற்பகலிலும் மாலையிலும் வரும், ஒரு ஊரில் பெய்து பக்கத்து ஊரை விட்டுவிடும். ஜூன் முதல் செப்டம்பர் வரை மலைக்கு மழை, நமக்குக் காற்று. அக்டோபர் முதல் டிசம்பர் வரை மேகம் கிழக்கிலிருந்து வரும். சமவெளிக்கு நம்பிக்கையான மழை அதுதான். பவானி பாசனத்துப் பள்ளிகள் இன்னொன்றும் சேர்க்கலாம்: பவானிசாகர் அணையின் நீர்மட்டம், மொத்தம் 105 அடியில் இன்று எத்தனை என்று. வீட்டில் தாத்தாக்கள் வானிலையைவிட அதைத்தான் காது கொடுத்துக் கேட்பார்கள்.

கோபியிலிருந்து ஐந்தாம் வகுப்பு மாணவன்: ரெண்டு லிட்டர் பாட்டில்ல மழைமானி செஞ்சேன். பேப்பர்ல கோபிக்கு 14 மில்லிமீட்டர்னு போட்டிருந்துச்சு. என் ஸ்கேல்ல 22 காட்டுது. நான் செஞ்சது தப்பா?

தம்பி, முதலில் பாட்டிலின் அடியைப் பார். குளிர்பானப் பாட்டிலின் அடி மேடும் பள்ளமுமாக இருக்கும். அங்கிருந்து ஸ்கேல் வைத்தால் அளவு தப்பும். கூழாங்கல் போட்டு, மேடு மறையும் வரை தண்ணீர் ஊற்றி, அந்த மட்டத்தில் பூஜ்யம் என்று கோடு போடு. ஒவ்வொரு நாளும் அளந்த பிறகு தண்ணீரை அந்தக் கோட்டுக்கே கொண்டுவந்துவிடு. பாட்டிலின் நடுவில் இடுப்பு ஒடுங்கியிருந்தாலும் ஸ்கேல் பொய் சொல்லும்.

இதைவிட நம்பகமான வழி, தண்ணீரை ஊசியில்லாத சிரிஞ்சால் மில்லிலிட்டரில் அளப்பது. இதற்குக் கல்லும் தண்ணீரும் போடாமல் காலிப் பாட்டிலை வை. மழை விழும் வாயின் விட்டத்தைச் சென்டிமீட்டரில் அளந்து, அதை அதனாலேயே பெருக்கி, 0.785ஆல் பெருக்கு. வாயின் பரப்பு கிடைக்கும். மில்லிலிட்டரைப் பத்தால் பெருக்கிப் பரப்பால் வகுத்தால் மழை மில்லிமீட்டரில். விட்டம் 10 சென்டிமீட்டர், தண்ணீர் 110 மில்லி என்றால் 1100 வகுத்தல் 78.5, அதாவது 14. வாய் விட்டம் 11.3 சென்டிமீட்டர் உள்ள டப்பா கிடைத்தால் கணக்கே வேண்டாம். பரப்பு ஏறக்குறைய 100 ஆகும், 10 மில்லி தண்ணீருக்கு 1 மில்லிமீட்டர் மழை.

அடுத்து, வைத்த இடம். சிமென்ட் தரையில் வைத்தால் துளி தெறித்து உள்ளே விழும். வாய் தரையிலிருந்து 30 சென்டிமீட்டர் உயரத்தில் இருக்கட்டும். ஓட்டு இறவாரத்துக்கும் தென்னை மட்டைக்கும் கீழே வேண்டாம். பக்கத்துக் கட்டடம் 5 மீட்டர் உயரம் என்றால் குறைந்தது 10 மீட்டர் தள்ளி வை.

இன்னொன்று, பேப்பரில் வருவது முந்தின நாள் காலை 8.30லிருந்து அன்று காலை 8.30 வரை பெய்த மழை. திங்கள் சாயங்கால மழை செவ்வாய்க் கணக்கில்தான் வரும். நீ அளந்தது வேறு நேரமானால் எண் ஒத்துப்போகாது. சனி, ஞாயிறு யாரும் அளக்கவில்லை என்றால் திங்களன்று "மூன்று நாள் மொத்தம்" என்று எழுது. கொஞ்சம் ஆவியாகிப் போயிருக்கும். எல்லாம் சரியாக இருந்தும் வித்தியாசம் வந்தால், உன் தெருவில் உண்மையிலேயே கூடுதலாகப் பெய்திருக்கலாம். அப்போது உன் எண்ணைத்தான் வாசிக்க வேண்டும்.

திருப்பூரிலிருந்து ஒரு தந்தை: பள்ளிக்காகப் பச்சைத் துணி கட்டிப் படம் எடுத்துக் கொடுத்தேனுங்க. பின்னால் வரைபடம் வந்தது. ஆனால் பையனின் தலை ஓரம் கரைந்துபோனது, சட்டையில் ஓட்டை விழுந்தது. கையை வேறு ஊரில் வைக்கிறான்.

சட்டை ஓட்டைக்குக் காரணம் சட்டையிலேயே பச்சை இருந்தது. பச்சையை அழித்து அங்கே வரைபடத்தை வைக்கும் செயலி, பச்சை எங்கிருந்தாலும் அழிக்கும். பின்னால் இருப்பது துணியா, சட்டைக் கட்டமா என்று அதற்குத் தெரியாது. சீருடையில் பச்சை இருக்கும் பள்ளி நீலத் துணி கட்டலாம். சீருடையில் நீலமும் இருந்தால் அன்றைக்கு மட்டும் வேறு சட்டை.

தலை ஓரம் கரைவது பச்சை வெளிச்சம் பட்டுத் தெறிப்பதால். பையன் துணிக்குப் பக்கத்தில் நிற்கிறான். ஒன்றரை முதல் இரண்டு மீட்டர் முன்னால் நிறுத்துங்கள். தேங்காய் எண்ணெய் பளபளக்கும் தலை, பட்டுப் பாவாடை, ஜிமிக்கி எல்லாம் அந்தப் பச்சையை வாங்கிக் காட்டும். எண்ணெய் தேய்க்காத தலையோடு வரச் சொன்னால் பாதிப் பிரச்சினை தீரும். துணி பளபளக்காத பாப்ளின் போதும், 2 மீட்டருக்கு 3 மீட்டர். இஸ்திரி போட்டு இழுத்துக் கட்டுங்கள். சுருக்கத்தின் நிழல் கருப்பச்சையாகத் தெரியும். அதைச் செயலி அழிக்காது. துணிக்கு ஒரு வெளிச்சம், பையனுக்குத் தனி வெளிச்சம். வசதி இல்லையென்றால் காலையில் நேர் வெயில் விழாத வராந்தா நல்லது.

கை வேறு ஊரில் விழுவதற்குக் காரணம் அவனுக்குப் பின்னால் வெறும் துணிதான் இருக்கிறது. கேமராவைப் பார்த்து நிற்பவருக்குக் கேரளம் வலக்கைப் பக்கம், கரூர் இடக்கைப் பக்கம். பார்ப்பவருக்கு மாறி வரும். சுவர் வரைபடத்தில் படித்த பிள்ளை தடுமாறத்தான் செய்யும். அதே துணியில் சிறு துண்டுகள் வெட்டி, ஊர் வரும் இடங்களில் குண்டூசியால் குத்துங்கள். பையன் கண்ணுக்குத் தெரியும், படத்தில் துணியோடு மறைந்துவிடும்.

எங்கள் அபிப்பிராயம் கேட்டால், தொடக்கப்பள்ளிக்குப் பச்சைத் துணி தேவையே இல்லை. பெரிய அட்டையில் பிள்ளைகளே வரைந்த வரைபடம், வெல்க்ரோ ஒட்டிய சூரியன், மேகம், மின்னல். பிள்ளை திரும்பிப் பார்த்து, தொட்டுக் காட்டலாம். ஸ்மார்ட் போர்டை முதுகுக்குப் பின்னால் வைத்தால் முகம் இருண்டுபோகும். போன் திரையில் பிள்ளையின் முகத்தைத் தொட்டு அழுத்திப் பிடித்து வெளிச்சத்தை நிலைநிறுத்துங்கள், போர்டின் பிரகாசத்தைக் குறையுங்கள். டியூப் லைட் வெளிச்சத்தில் பட்டை பட்டையாக ஓடினால் கேமராவின் ஷட்டரை நொடியில் 50இல் அல்லது 100இல் ஒரு பங்காக வையுங்கள். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் அந்த அளவில் பட்டை அடங்கும்.

தாராபுரத்திலிருந்து ஓர் ஆசிரியை: ஆடி மாதம் வெளியே எடுத்தால் காற்றுச் சத்தம்தான் கேட்கிறது. உள்ளே எடுத்தால் கிணற்றுக்குள் பேசுவது போல இருக்கிறது.

அம்மி பறக்கும் காற்றில் மைக் என்ன செய்யும்! அந்த மாதங்களில் காற்று மேற்கிலிருந்து வருவதால் கட்டடத்தின் கிழக்குப் பக்கம் நின்று எடுங்கள். மைக்கில் பஞ்சு உறை போட்டு, அதன் மேல் பழைய கம்பளிக் காலுறைத் துண்டு ஒன்று. அப்படியும் அடங்காவிட்டால் வெளியே படம் மட்டும் எடுத்து, குரலை உள்ளே பதிந்து சேர்த்துவிடுங்கள்.

உள்ளே எதிரொலிப்பது வெறும் சுவர். கேமராவுக்குப் பின்னாலும் பக்கவாட்டிலும் இரண்டு பவானி ஜமுக்காளத்தைத் தொங்கவிடுங்கள். கனத்த பருத்தி நன்றாக ஒலியை உறிஞ்சும். மின்விசிறியை நிறுத்துங்கள். காலர் மைக் இல்லையென்றால் இரண்டாவது போனைப் பிள்ளையின் முகத்திலிருந்து அரை மீட்டருக்குள், படத்தில் தெரியாமல் வைத்துக் குரலைப் பதியுங்கள். தொடக்கத்தில் ஒருவர் கை தட்டட்டும்; அந்த ஒலியை வைத்துப் படத்தையும் குரலையும் பொருத்தலாம்.

பெருந்துறையிலிருந்து ஓர் ஆசிரியர்: பிள்ளைகள் செய்யுள் ஒப்பிப்பது போல மூச்சு விடாமல் ஒப்பிக்கிறார்கள்.

முழு வாசகத்தையும் கையில் கொடுத்ததன் விளைவு. ஆறு சொல் மட்டும் பெரிய எழுத்தில் ஓர் அட்டையில் எழுதி, கேமரா லென்சுக்கு ஒட்டினாற்போல் கீழே பிடியுங்கள்: கிழமை, 6 மி.மீ., மேற்கு, பாதி மேகம், ஓரிரு, மரத்தடி. மற்றதை அவர்களே பேசட்டும். "மழை பேயுது" என்று வீட்டுப் பேச்சு வந்தால் வெட்டாதீர்கள். எண்ணும் இடப்பெயரும் சரியாக இருந்தால் போதும். லென்ஸ் பிள்ளையின் கண் உயரத்தில் இருக்க வேண்டும். பெரியவர் நின்றபடி எடுத்தால் பிள்ளை அண்ணாந்து பார்த்துப் பேசும். பயந்தது போல் தெரியும். இரண்டு தடவைக்கு மேல் திரும்ப எடுக்காதீர்கள். அதற்குப் பிறகு சலிப்புத்தான் பதிவாகும்.

ஈரோட்டிலிருந்து ஒரு பாட்டி: பேத்தி வாசித்ததை யூடியூபில் போடப் போகிறார்களாம். போடலாமுங்களா?

வகுப்பில் காட்டுவதற்கு ஒன்று, வெளியே போடுவதற்கு ஒன்று என்று பெற்றோரிடம் தனித்தனியாக எழுத்து மூலம் சம்மதம் வாங்க வேண்டும். 2023ஆம் ஆண்டின் எண்ம முறைத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் 18 வயதுக்குட்பட்டவர் விஷயத்தில் பெற்றோர் சம்மதத்தை வலியுறுத்துகிறது. சம்மதம் தராத வீட்டுப் பிள்ளைக்கு அளப்பது, எழுதுவது, குரல் கொடுப்பது என்று வேலை நிறைய இருக்கிறது. போடுவதானாலும் முழுப் பெயரும், சட்டையில் தெரியும் அடையாள அட்டையும் வேண்டாம்.

மேட்டுப்பாளையத்திலிருந்து ஒரு மாணவி: சிவப்பு எச்சரிக்கை வந்தா "நாளை லீவு"ன்னு சொல்லலாமா?

கூடாது கண்ணு. விடுமுறை விடுவது மாவட்ட ஆட்சியர். நிறம் சொல்வது வேறு: பச்சை என்றால் எச்சரிக்கை எதுவும் இல்லை, மஞ்சள் என்றால் கவனித்துக்கொண்டிரு, ஆரஞ்சு என்றால் தயாராக இரு, சிவப்பு என்றால் உடனே நடவடிக்கை எடு.

கோவையிலிருந்து ஓர் ஆசிரியர்: பள்ளி பாரோமீட்டர் (காற்றழுத்தமானி) 962 மில்லிபார் காட்டுகிறது, செய்தியில் 1008 என்கிறார்கள். கருவி பழுதா?

இல்லை. கோவை கடல் மட்டத்திலிருந்து சுமார் 400 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஏறக்குறைய 8 முதல் 9 மீட்டர் ஏறினால் ஒரு மில்லிபார் குறையும். 46 குறைந்தது சரியான கணக்கு. செய்தியில் வருவது கடல் மட்டத்துக்கு மாற்றிய எண். பிள்ளைகள் நேற்றைவிட ஏறியதா, இறங்கியதா என்று மட்டும் சொன்னால் போதும். தினமும் ஒரே மணிக்குப் பார்க்கட்டும். அழுத்தம் ஒரே நாளுக்குள்ளேயே காலையில் ஏறி மாலையில் இறங்கும்.

ராசிபுரத்திலிருந்து ஓர் ஆசிரியர்: மாதக் கடைசியில் "எங்கள் கணிப்பு 75 சதம் சரி" என்று பிள்ளைகள் பெருமையாக வாசித்தார்கள். இப்படிக் கணக்குப் போடலாமா?

சரிபார்க்க வைத்ததற்கு முதலில் பாராட்டு. பல பள்ளிகள் வாசிப்பதோடு விட்டுவிடுகின்றன. ஆனால் அந்தச் சதவீதம் ஏமாற்றும். ஓர் உதாரணம்: 20 பள்ளி நாளில், மழை என்று சொல்லிப் பெய்தது 4 நாள், சொல்லியும் பெய்யாதது 3, சொல்லாமல் பெய்தது 2, சொல்லாமலும் பெய்யாமலும் 11. சரியானவை 15, அதாவது 75 சதம். ஒரு சோம்பேறிப் பிள்ளை மாதம் முழுக்க "மழை இல்லை" என்றே சொல்லியிருந்தால்? பெய்யாத நாள் 14, அவனுக்கு 70 சதம்! பிப்ரவரியில் அவனே முதல் பரிசு வாங்கிவிடுவான். பெரியவர்களே இதில் மாட்டியிருக்கிறார்கள். 1884இல் அமெரிக்காவில் ஃபின்லி என்பவர் தன் சூறாவளி (டொர்னாடோ) கணிப்பு 96 சதத்துக்கு மேல் சரி என்று அறிவித்தார். தினமும் "சூறாவளி இல்லை" என்று சொல்லியிருந்தால் 98 சதம் கிடைத்திருக்கும் என்று கில்பர்ட் என்பவர் காட்டினார்.

ஆகவே சொல்லாமலும் பெய்யாமலும் போன 11 நாளைத் தள்ளிவிடுங்கள். மீதி 9 நாளில் 4 சரி. நாலாவது வகுப்புக்கு இது புரியும். சதவீதமாக்கவும் வேண்டாம், "ஒன்பதுக்கு நாலு" என்று வாசித்தால் போதும். நாலு கட்டம் போட்ட ஓர் அட்டையில் நாளுக்கொரு புளியங்கொட்டை ஒட்டிக்கொண்டு வந்தால் மாதக் கடைசியில் எண்ணிவிடலாம்.

எதை மழை நாள் என்பது என்பதை முன்பே முடிவு செய்யுங்கள். வானிலைத் துறைக்கு 2.5 மில்லிமீட்டரும் அதற்கு மேலும் பெய்தால்தான் மழை நாள். தூறலைச் சேர்ப்பதா வேண்டாமா என்று மாதக் கடைசியில் சண்டை வராது. "ஓரிரு இடங்களில்" என்று அறிவித்த நாட்களுக்கு வேறு நிறத்தில் தனி அட்டை வையுங்கள். அந்த அட்டையில் "சொல்லியும் பெய்யாதது" கட்டம்தான் சீக்கிரம் நிரம்பும், அது கணிப்பின் பிழை அல்ல. பக்கத்து ஊர்ப் பள்ளி இரண்டு, மூன்று சேர்ந்து ஒரே நேரத்தில் அளந்து எண்ணைப் பரிமாறிக்கொண்டால், நமக்குப் பெய்யாத மழை எந்த ஊரில் விழுந்தது என்பதையும் அடுத்த நாள் வாசிப்பில் சொல்லிவிடலாம்.